முதலில் எடை பார்த்தவர்

எங்கள் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்த 2022 நவம்பரில், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலை, அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கணவருக்கு மணலியில் இரண்டாம் ஷிப்ட். வீட்டில் நானும் அத்தையும்தான். பிரசவத்துக்குத் திண்டிவனத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்த நான், குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போதுதான் திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்குத் திரும்பியிருந்தேன். திண்டிவனத்தில் குழந்தை மருத்துவரைத் தேட வேண்டிய அவசியமே எனக்கு நேரவில்லை. அம்மா யாரிடம் என்னைக் காட்டினாரோ அவருடைய மகனிடம் என் குழந்தையைக் காட்டினோம். அவர் எத்தனை மணிக்கு வருவார், எந்தக் கிழமை இருக்கமாட்டார், கோபக்காரரா, பொறுமைசாலியா என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலோ தேரடியிலிருந்து சுங்கச்சாவடி வரை நடந்தால் எத்தனையோ மருத்துவப் பலகைகள் கண்ணில் படும். அவற்றுள் ஒன்றைப் பற்றிக்கூட எனக்கு எதுவும் தெரியாது. நான்கு மாதமாகக் குழந்தை நன்றாக இருந்ததால், தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அன்று மாலை, திறந்திருந்த முதல் கிளினிக்கில் நுழைந்தோம். மருத்துவர் நல்ல மனிதர்தான். "எத்தனை மாசம்?" என்று கேட்டார்; தொண்டையைப் பார்த்தார்; நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்; பாராசிட்டமால் சிரப் 5 மி.லி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதிக் கொடுத்தார். பக்கத்து மெடிக்கலில் சீட்டை நீட்டியதும் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு வேளை, விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு வேளை கொடுத்தேன். காய்ச்சல் விட்டது, குழந்தை நன்றாக உறங்கினாள், அத்தை வேண்டிக்கொண்டபடி வடிவுடையம்மனுக்கு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார்.

ஞாயிறு காலை, மருத்துவமனையில் பல ஆண்டுகள் நர்ஸாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற கீழ்வீட்டு அக்கா குழந்தையைப் பார்க்க வந்தார். மருந்து பாட்டிலை எடுத்துக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், டியூப் லைட் பக்கம் திருப்பிப் படித்தார். "இது 250-ம்மா. அவர் எதை எழுதினார்?" என்றார். சீட்டில் 5 மி.லி. என்று இருந்ததே தவிர, எந்த வீரியத்தில் 5 மி.லி. என்று இல்லை.

அவர் அன்று எனக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் கைக்குழந்தை வைத்திருக்கும் எவரும் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு அது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூன்று வடிவங்களில் நம் கைக்கு வருகிறது. ஒரு சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்னொரு சிரப்பில் அதே 5 மி.லி.க்கு 250 மில்லிகிராம் இருக்கும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே ஒரு மி.லி.க்கு 100 மில்லிகிராம் இருக்கும். குழந்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம். எட்டு கிலோ குழந்தை என்றால் 120 மில்லிகிராம். ஆக, முதல் சிரப்பில் 5 மி.லி., இரண்டாவதில் ஏறத்தாழ 2.4 மி.லி., சொட்டு மருந்தில் 1.2 மி.லி. மூன்றும் ஒரே அளவு மருந்துதான். மருத்துவர் மனத்தில் இருந்தது முதல் சிரப், கடைக்காரர் கொடுத்தது இரண்டாவது. நான் என் கையால் இரு மடங்குக்கும் மேலாக, இரண்டு முறை ஊட்டியிருக்கிறேன்.

அக்கா பதற்றப்படவில்லை, ஆனாலும் "எழும்பூருக்குப் போய்க் காட்டிட்டு வந்துடு, மனசு நிம்மதியா இருக்கும்" என்றார். இரவுப் பணி முடிந்து வந்து உறங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பினேன். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கி, ஹால்ஸ் சாலையில் இருக்கும் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனோம். பணியில் இருந்த மருத்துவர் மிகவும் இளம் வயதுப் பெண். இரவு முழுவதும் உறங்காத கண்கள். நான் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள், "வெயிட் எவ்வளவு?" என்று கேட்டார். ஏழரை இருக்கும் என்று இழுத்தேன். அவர் பதில் ஏதும் சொல்லாமல் எழுந்து, தராசுத் தட்டின் மேல் ஒரு துணியை விரித்தார், பொத்தானை அழுத்தி எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார், குழந்தையின் ஸ்வெட்டரையும் ஈர டயப்பரையும் கழற்றச் சொன்னார். அதன் பிறகே அவளைத் தட்டில் கிடத்தினார். அவள் காலை உதைக்க உதைக்க எண் ஏறி இறங்கியது. அது நிற்கும்வரை ஒரு கையைக் குழந்தைக்கு மேலே, தொடாமல், பிடித்தபடி காத்திருந்தார். 8.0.

சீட்டின் தலையில் முதலில் அந்த எண்ணை எழுதிவிட்டுத்தான் மற்றவற்றைக் கேட்டார். இரண்டு வேளையோடு தெரிந்துவிட்டதால் பாதகமில்லை என்றும், ஒரு நாள் முழுக்கப் பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம் என்றும், இதே அளவில் நாலைந்து நாள் தொடர்ந்திருந்தால் கல்லீரலைப் பாதித்திருக்கும் என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி வரும்போது மெட்ரோவில் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான்: முந்தின நாள் மாலை அந்த மருத்துவர் குழந்தையை ஏன் எடை போடவில்லை? அவர் மேசையருகே தராசு இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில் இல்லை. நானும் கவனிக்கவில்லையே.

குழந்தை தேறிய பிறகு, அடுத்த காய்ச்சல் வருவதற்குள் ஒரு மருத்துவரைத் தேர்ந்துகொள்வது என்று முடிவு செய்தோம். தெருவில் விசாரித்தால் எல்லாரும் சொன்ன சொல் 'கைராசி'. வடசென்னைக்கு இந்தச் சொல்லின் மேல் ஒரு தனிப் பற்று உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று பெயரெடுத்து 2018 டிசம்பரில் மறைந்த ஜெயச்சந்திரனும், வியாசர்பாடியில் அதே பெயரோடு வாழ்ந்து 2020 ஆகஸ்டில் மறைந்த திருவேங்கடமும் இந்தப் பக்கத்து எத்தனையோ குடும்பங்களுக்குத் தெய்வத்துக்கு அடுத்தபடியாக இருந்தவர்கள். கையில் காசில்லாதவர் மருத்துவரிடம் கூச்சமின்றிப் போகலாம் என்ற நிலையை உண்டாக்கியவர்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர், மருத்துவரைப் படிப்பால் அளக்காமல் மனத்தால் அளந்து பழகியிருக்கிறது. அதில் தவறு காண எனக்குத் துணிவில்லை.

ஆனால் குழந்தைகள் விஷயத்தில் கைராசி என்பது பெரும்பாலும் எப்படி உண்டாகிறது என்பதைப் பார்க்க எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. சாதாரண வைரஸ் காய்ச்சல் மூன்று நாளில் தானாகவே இறங்கும் தன்மையுடையது. முதல் நாள் ஒரு மருத்துவரிடம் போகிறோம், இறங்கவில்லை. மூன்றாம் நாள் பொறுமையிழந்து இன்னொருவரிடம் போகிறோம், அவர் ஓர் ஊசி போடுகிறார், அன்று இரவே இறங்கிவிடுகிறது. இரண்டாமவருக்குக் கைராசி, முதலாமவருக்கு ஒன்றும் தெரியாது என்ற பெயர். வைரஸுக்கு நாள் கணக்கு மட்டுமே தெரியும். எங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒரு கைராசிக்காரரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்பதற்காகப் போனோம். ஐம்பத்து மூன்றாம் டோக்கன். இரண்டரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனதும், குழந்தையை மடியிலிருந்து இறக்கும் முன்பே பேனா ஓடத் தொடங்கியிருந்தது. எங்களுக்கு முன்னால் போன ஐந்து குழந்தைகளும் ஊசி போட்டுக்கொண்டு அழுதபடி வெளியே வந்ததையும் பார்த்திருந்தேன். கூட்டத்தைப் பார்த்து முடிவெடுக்கும் எண்ணத்தை அன்றோடு விட்டேன்.

அடுத்து ஒரு புதிய கிளினிக். குளிர்சாதனம், சுவரெல்லாம் யானையும் ஒட்டகச்சிவிங்கியும், தராசும் இருந்தது, எடையும் பார்த்தார்கள். ஆனால் கண்ணாடி அலமாரியில் பால் பவுடர் டின்கள் அடுக்கியிருந்தன. "தாய்ப்பாலோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் எடை கூடும்" என்றார் அங்கிருந்த பெண். என் குழந்தையின் எடையில் குறையிருப்பதாக யாரும் சொல்லியிருக்கவில்லை. குழந்தைப் பால் பவுடரை மருத்துவ இடங்களில் இப்படி முன்னிறுத்துவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று எனக்குத் தோன்றியது, கடை வேறு மருத்துவமனை வேறாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே. தடுப்பூசிகளை மொத்தமாக ஒரு 'பேக்கேஜ்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அரசு அட்டையில் ஏற்கெனவே போட்டிருந்தவற்றைப் பற்றிக் கேட்டதற்கு, "அது வலிக்கிற ஊசி, இது வலிக்காத ஊசி" என்று பதில் வந்தது.

இந்தத் தடுப்பூசி விஷயம் பலரைக் குழப்புவதால் சற்று நின்று சொல்கிறேன். பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி. பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியும் அவற்றோடு சேர்ந்தவையும். ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை, ரூபெல்லா. பதினாறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் ஊக்கத் தவணைகள். இவை அத்தனையும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. புதன்கிழமை தடுப்பூசி நாள். வலிக்காத ஊசி என்று தனியாரில் சொல்லப்படுவதில் காய்ச்சலும் வீக்கமும் குறைவாக இருக்கும், உண்மைதான். ஆனால் கக்குவான் இருமலுக்கு எதிரான பாதுகாப்பில் அரசு ஊசி அதற்குக் குறைந்ததில்லை. அரசு அட்டவணையில் இல்லாத சில, அதாவது சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு போன்றவை, தனியாரில் மட்டுமே கிடைக்கும். அவற்றைப் போடுவதா என்பது குடும்பத்தின் வசதியையும் மருத்துவரின் ஆலோசனையையும் பொறுத்தது. இரண்டு இடத்திலும் போடலாம், தவறில்லை. ஒரே அட்டையில் எல்லாவற்றையும் பதிந்துகொள்வதுதான் முக்கியம். எங்கள் பக்கத்து வீட்டில் இரண்டு அட்டைகள் வைத்திருந்து, ஒரே தவணையை இரு முறை போட்டுக்கொண்டு வந்த கதையும் நடந்தது.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்காக அப்படி ஒரு புதன்கிழமை சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றபோதுதான் எங்களுக்கு வழி கிடைத்தது. ஊசி போட்டுவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்ன செவிலியரிடம், "நல்ல டாக்டர் யாராவது சொல்லுங்கக்கா" என்று கேட்கலாம் என்று வாயெடுத்த நான், ஏதோ தோன்றி, "உங்க பேரப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னா யார்கிட்ட காட்டுவீங்கக்கா?" என்று கேட்டேன். முதல் கேள்விக்குப் பொதுவாக வருவது ஒரு பிரபலப் பெயர். இந்தக் கேள்விக்கு அவர் கொஞ்சம் யோசித்தார். தண்டையார்பேட்டையில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தைச் சொன்னார். "போர்டு சின்னதா இருக்கும். ரிட்டயர்டு அம்மா. ஊசி கேட்டா திட்டுவாங்க" என்றார். அன்று முதல் யார் கேட்டாலும் நான் சொல்லும் யோசனை இது: மருத்துவரைப் பற்றி மருத்துவத் துறையில் இருப்பவர்களிடம் கேளுங்கள், ஆனால் அவர்கள் வீட்டுக் குழந்தையை வைத்துக் கேளுங்கள்.

போவதற்கு முன் கணவர் ஒரு வேலை செய்தார். சின்னப் பலகையில் இருந்த பதிவு எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து வந்து, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பார்த்தார். எனக்கு இது மரியாதைக் குறைவாகப் பட்டது. இப்போது அப்படி நினைக்கவில்லை. பலகையில் 'குழந்தைகள் நலம்' என்று பெரிதாக எழுதியிருந்தாலும், கீழே எம்.பி.பி.எஸ். மட்டும் இருக்கக்கூடும், குழந்தை மருத்துவத்துக்கென்று படித்தவர் பெயருக்குப் பின்னால் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.சி.எச். என்று அந்தப் பிரிவோடு சேர்த்துக் குறிப்பிடப்பட்டிருக்கும். சளி, காய்ச்சலுக்கு எம்.பி.பி.எஸ். மருத்துவர் தாராளமாகப் போதும். எங்கள் முதல் தவறுக்கும் படிப்புக்கும் தொடர்பில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு வயது வரையாவது, குழந்தை மருத்துவம் படித்த ஒருவர் அவ்வப்போது பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

குழந்தைக்கு எந்தத் தொந்தரவும் இல்லாத ஒரு மாலையில் போனோம். இரண்டு மர பெஞ்சு, மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, சுவரில் 2022-ஆம் ஆண்டு மளிகைக் கடைக் காலண்டர். மருத்துவரின் மேசைக்கும் வாசலுக்கும் இடையில், யாரும் தாண்டாமல் உள்ளே போக முடியாத இடத்தில், குழந்தைத் தராசு. உதவியாளர் பெண் எடை பார்த்து, நீளம் அளந்து, எண்களை ஒரு சீட்டில் எழுதி எங்கள் கையில் கொடுத்தார். அந்தச் சீட்டு இல்லாமல் உள்ளே பேச்சே தொடங்காது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம். மருத்துவர் அம்மா எங்கள் தடுப்பூசி அட்டையைத் திருப்பி, பின்னால் இருந்த வளர்ச்சிக் கோட்டில் ஒரு புள்ளி வைத்தார். ஒன்பது மாதமாக அந்தப் பக்கம் வெறுமையாகவே இருந்தது, அது எதற்கென்றே எனக்குத் தெரியாது.

பாராசிட்டமால் கதையைச் சொன்னேன். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வீட்டில் எந்த வீரியத்தில் மருந்து வாங்குகிறோமோ அதே வீரியத்தில் மட்டுமே எப்போதும் வாங்குமாறும், பாட்டிலின் மேல் அன்றைய எடைக்கு எத்தனை மி.லி. என்று எழுதி ஒட்டி வைக்குமாறும், எடை கூடும்போது அதை மாற்றி எழுதுமாறும் சொன்னார். ஸ்பூனால் ஊட்டக் கூடாது, பாட்டிலோடு வரும் அளவு மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோதான். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இன்றும் அந்தச் சீட்டு ஒட்டியிருக்கிறது, எட்டு கிலோவிலிருந்து அடித்து அடித்து எழுதப்பட்ட எண்களோடு.

அவரிடம் கேட்பதற்கென்று நான் எழுதிக்கொண்டு போன கேள்விகளில் ஒன்று, இரவில் எப்படித் தொடர்புகொள்வது என்பது. பளிச்சென்று பதில் வந்தது. "ராத்திரி என்னைத் தேடாதீங்க. எனக்கு வயசாச்சு, ஒன்பது மணிக்கு மேல நான் போனை எடுக்கமாட்டேன். நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ எழும்பூருக்கோ போங்க." முதலில் எனக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு எடுக்காதவரைவிட இவர் எவ்வளவோ மேல் என்று புரிந்தது. அத்தோடு, எந்தெந்த நிலையில் காலை வரை காத்திருக்கக் கூடாது என்பதையும் சீட்டின் பின்புறம் தமிழில் எழுதிக் கொடுத்தார். பால் குடிக்கவே முடியாமல் போவது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் முழிக்காமல் துவண்டு கிடப்பது, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மூச்சு வாங்குவது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று, எங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், என் தங்கைக்காக எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

மூச்சு வாங்குவது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் கற்றுக்கொடுத்த முறைதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. எண்ணூரிலும் மணலியிலும் புகைபோக்கிகள், இரவு பகலாகத் துறைமுகத்துக்கு ஓடும் கன்டெய்னர் லாரிகள், அவற்றின் தூசி என்று இருக்கும் இந்தப் பகுதியில் இருமலும் இளைப்பும் இல்லாத குழந்தை வீடு குறைவு. குழந்தை அழாமல் இருக்கும்போதோ உறங்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்குள் இருந்தால் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் அது வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், 108-ஐ அழைக்க வேண்டியதுதான்.

2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மின்சாரம் இல்லை, கைபேசியில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. இருபத்திரண்டு மாதக் குழந்தை அன்று மாலையிலிருந்து விடாமல் இருமிக்கொண்டிருந்தாள். அத்தை உடனே தூக்கிக்கொண்டு போகலாம் என்றார். அந்தத் தண்ணீரில், திறந்து கிடக்கும் சாக்கடை மூடி எங்கே இருக்கிறது என்று தெரியாத இருட்டில், குழந்தையோடு இறங்குவது என்பதும் சிறிய ஆபத்தில்லை. அவள் கண்ணயர்ந்ததும் கணவர் கைபேசி வெளிச்சத்தைச் சுவர்ப் பக்கம் பிடித்துக்கொள்ள, நான் எண்ணினேன். 34. அரை மணி கழித்து மறுபடி, 32. நெஞ்சு குழியவில்லை. தாய்ப்பாலை மட்டும் அடிக்கடி கொடுத்தேன். விடியும்வரை நாங்கள் உறங்கவில்லை என்பது உண்மை, ஆனால் அந்த எண் இல்லாமல் போயிருந்தால் அன்று இரவு என்ன முடிவெடுத்திருப்போம் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

புயலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு பதினொன்றரை மணிக்கு, எந்த நோயும் இல்லாமலே கணவரும் அவர் நண்பரும் பைக்கில் எழும்பூர் வரை போய்வந்தார்கள். மெட்ரோ நின்ற பிறகு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்ப்பதற்காக. கடலோரச் சாலையில் போனால் லாரி வரிசையில் மாட்டிக்கொள்வோம் என்பதும், உள்ளே நெடுஞ்சாலை வழியாக ராயபுரம் பாலம் ஏறிப் போவதே மேல் என்பதும், ஸ்டான்லியின் அவசரப் பிரிவுக்கு எந்த வாசல் என்பதும் தெரிந்தன. கொருக்குப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு ரயில்வே கேட் என்ற இன்னொரு கணக்கும் உண்டு. பைத்தியக்கார வேலை என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மருத்துவர் அம்மாவிடம் அத்தைக்கு ஒரு மனக்குறை வெகுநாள் இருந்தது. இருமலுக்கு அவர் சிரப்பே எழுதமாட்டார். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு வயதுக்கு மேல் என்பதால் படுக்கும்போது அரை ஸ்பூன் தேன், அவ்வளவுதான். "இருநூறு ரூபா வாங்கிட்டுத் தேன் சாப்பிடச் சொல்றாங்க" என்பார் அத்தை. 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்ததும், அதைக் குடித்த குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததும் தொலைக்காட்சியில் ஓடியது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்து எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. அத்தை அன்று எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை, அலமாரியில் எப்போதோ உறவினர் வீட்டிலிருந்து வந்து கிடந்த ஒரு பாட்டிலை எடுத்துக் கழுவுதொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

குறையே இல்லாத மருத்துவர் என்று நான் அவரைச் சொல்லவில்லை. பேச்சு வெடுக்கென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இரண்டாவது கேள்வியைக் கேட்டால் முகம் சுருங்கும். அதனால் நான் கேள்விகளைத் தாளில் எழுதி மேசையில் வைத்துவிடுவேன், அவர் அதைப் படித்து வரிசையாகப் பதில் சொல்லிவிடுவார். ஒரு முறை வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒரு டம்ளரில் அரை பாக்கெட் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன் என்று சொன்னதற்கு, ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், உப்பு மிஞ்சினால் குழந்தைக்குக் கேடு என்று வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். கூச்சமாக இருந்தது. ஆனால் அன்று வெளியே பெஞ்சில் இருந்த இன்னொரு தாயும் தான் அப்படியே கலக்கியதாக என்னிடம் மெல்லச் சொன்னார்.

சென்ற மாதம் அவர், மகள் வீட்டுக்கு மூன்று மாதம் போவதாகவும், அதுவரை கொடுங்கையூரில் இருக்கும் ஒருவரிடம் காட்டும்படியும் சொல்லி, சீட்டின் பின்னால் முகவரி எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் வரும்வரை காத்திருக்கவில்லை. அந்த வாரமே ஒரு மாலை, மகளைக் கூட்டிக்கொண்டு போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். முன்னால் பதினோரு பேர். எங்கள் முறை வந்ததும் உதவியாளர் பையன் நோட்டைத் திறந்து, "குழந்தைக்கு என்ன தொந்தரவு மேடம்?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லப்பா, எடை பார்க்க வந்தோம்" என்றேன். அவன் பேனாவை வைத்துவிட்டு மூலையைக் காட்டுவதற்குள், அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தானே தராசின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.